4 லட்சம் கி.மீ. தாண்டிய டீசல் பிக்கப்: இன்னும் ஓட்டலாமா, கொடுத்துவிட்டுப் புதிது எடுக்கலாமா?

காய்வண்டி_ஒட்டன்சத்திரம்:

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 2018 மாடல் டீசல் பிக்கப், பி.எஸ்.4 (பழைய புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்தது), சிங்கிள் ஓனர். ரீடிங் 4,12,000 கி.மீ. கம்பெனி பெயரை வேண்டுமென்றேதான் போடவில்லை. போட்டால் "அது ஆகாது, இதுதான் நல்லது" என்று பேச்சு வேறு பக்கம் போய்விடும்.

ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறி ஏற்றித் திருச்சூரில் இறக்குகிறேன். பழனி, உடுமலை, பொள்ளாச்சி, பாலக்காடு வழி. போக வர சுமார் 400 கி.மீ. வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று நடை. நானேதான் ஓட்டுகிறேன். வண்டிக் கடன் டியூ எப்போதோ முடிந்துவிட்டது.

இப்போது என்ன பிரச்சனை என்றால், காலையில் செல்ப் அடித்தால் உடனே பிடிப்பதில்லை, சுற்றிக்கொண்டே இருக்கிறது. லிட்டருக்கு 14 கொடுத்த வண்டி 12-க்கு இறங்கிவிட்டது. லோடோடு மேடு ஏறினால் கிளட்ச் வழுக்குகிறது. மெக்கானிக் நாலு இன்ஜெக்டர் (எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் பாகம்), கிளட்ச் செட், முன்பக்க வேலை எல்லாம் சேர்த்து 1,15,000 ஆகும் என்கிறார். ஷோரூமில் எக்ஸ்சேஞ்சுக்கு 3.25 லட்சம் சொல்கிறார்கள், வெளியே புரோக்கர் 3.5 வரை வருகிறார். புது வண்டி சரக்கு ஏற்றும் தொட்டியோடு ஆன்ரோடு 10.5 லட்சம் வரும்.

அடுத்த மாதம் எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்ட வேண்டும். "மூன்றரை லட்ச ரூபாய் வண்டிக்கு ஒன்றேகால் லட்சம் செலவா, உடனே தள்ளு" என்கிறான் மச்சான். "கடன் இல்லாத வண்டியை எவனாவது விற்பானா" என்கிறார் அப்பா. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

ஸ்டெப்னி:

4 லட்சம் என்றால் அது எப்போதோ தன் வேலையை முடித்துவிட்டது. தள்ளிவிடுங்கள். போதாததற்கு டீசல் வண்டிக்கு 10 வருடம்தான் என்று சட்டமே வந்துவிட்டது.

---

பழைய_ஃபோர்மேன்:

ஸ்டெப்னி தம்பி, அந்த 10 வருடக் கணக்கு டெல்லிக்கும் அதைச் சுற்றியுள்ள தலைநகர் வட்டாரத்துக்கும் மட்டும் வந்தது. 2015-ல் பசுமைத் தீர்ப்பாயம் போட்ட உத்தரவு, 2018-ல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. நம் ஊரில் எஃப்.சி. தேறுகிறவரை வண்டி ஓடலாம். 15 வருடத்தில் பதிவு ரத்து என்பதும் அரசு வண்டிகளுக்குத்தான், 2023 ஏப்ரலிலிருந்து. நம் வண்டிக்கு வயது ஏற ஏற எஃப்.சி. கட்டணம் பல மடங்கு ஏறும், அது வேறு விஷயம். இந்த வதந்தியைச் சொல்லியே பாதி விலைக்கு வண்டி கேட்கிறவர்கள் இருக்கிறார்கள்.

காய்வண்டி தம்பிக்கு: ரீடிங்கை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். உங்கள் பாதை பாலக்காட்டுக் கணவாய் வழி. பெரிய ஏற்றம் இல்லை, நான்காவது ஐந்தாவது கியரில் சீராக ஓடுகிற ஓட்டம். வழியில் கிளட்சைத் தின்றுகொண்டிருந்தது குதிரான் ஏற்றம் ஒன்றுதான், 2021-ல் அங்கே சுரங்கம் திறந்ததும் அதுவும் போயிற்று. இப்படி ஓடிய 4 லட்சமும், ஊருக்குள் சிமெண்ட் மூட்டையோடு முதல் கியர், இரண்டாம் கியரில் இழுத்த 4 லட்சமும் எஞ்சினுக்கு ஒன்றில்லை.

அடுத்தது, நாலு இன்ஜெக்டரும் போயிற்று என்று மெக்கானிக் எதை வைத்துச் சொன்னார்? ரிட்டர்ன் டெஸ்ட் பார்த்தாரா? ஒவ்வொரு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் குழாயிலும் ஒரு சின்ன பாட்டிலை மாட்டி எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டால் போதும். எது அளவுக்கு மேல் டீசலைத் திருப்பி விடுகிறதோ அதுதான் குற்றவாளி. காமன் ரெயில் வண்டி (நாலு இன்ஜெக்டருக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து டீசல் போவது) ஸ்டார்ட் ஆக அந்த ரெயிலில் குறிப்பிட்ட பிரஷர் ஏற வேண்டும். ஒரே ஒரு இன்ஜெக்டர் ஒழுகினாலும் பிரஷர் ஏறாது, செல்ப் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். அது ஒன்றை மாற்றினால் போதும் என்கிற இடத்தில் நாலையும் மாற்றச் சொல்வது சோம்பேறித்தனம். டீசல் பம்ப் சர்வீஸ் கடைக்குப் போங்கள், பெஞ்சில் வைத்தே காட்டுவார்கள்.

இன்ஜெக்டரை விட முக்கியமானது கம்ப்ரஷன். எஞ்சின் சூடான பிறகு, ஐட்லிங்கில் ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள். லேசாக ஆவி வந்தால் இந்த ரீடிங்குக்கு அது சகஜம். மூடி ஆடுகிற அளவுக்குக் குபுகுபு என்று அடித்தால் பேக் கம்ப்ரஷன், ரிங் போயிற்று என்று அர்த்தம். சந்தேகம் இருந்தால் கேஜ் போட்டு நாலு சிலிண்டரையும் பார்க்கச் சொல்லுங்கள். நாலும் அருகருகே இருந்தால் எஞ்சினுக்கு இன்னும் ஆயுள் இருக்கிறது. டர்போ வாய்க் குழாயைக் கழற்றி, நடுத்தண்டை விரலால் ஆட்டிப் பாருங்கள். இந்தப் பக்கம் அந்தப் பக்கம் லேசான ஆட்டம் இருக்கும். முன்னும் பின்னும் ஆடினாலோ, இறக்கை சுவரில் உரசிய தடம் இருந்தாலோ செலவு வருகிறது.

கடைசியாகச் சேசிஸ், அதாவது வண்டியின் அடிச்சட்டம். இதைத்தான் யாரும் பார்ப்பதில்லை. நீங்கள் ஏற்றுவது ஈரக் காய்கறி, கீரை, முள்ளங்கி. தண்ணீர் தொட்டியில் ஒழுகி, பலகை இடுக்கு வழியாகச் சேசிஸ் மேல் சொட்டுகிறது. மீன் வண்டிக்கு அடுத்து சீக்கிரம் துருப்பிடிப்பது காய்வண்டிதான். பின் பட்டைக் கட்டு (லீஃப் ஸ்பிரிங்) மாட்டியிருக்கும் பிராக்கெட்டைச் சுற்றிச் சேற்றைக் கழுவிவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். எஞ்சினைப் பிரித்துச் சரிசெய்துவிடலாம். அந்த இடத்தில் விரிசல் இருந்தால் வெல்டிங் வைத்து லோடு ஏற்றச் சொல்ல மாட்டேன். அப்படி இருந்தால் மச்சான் சொல்வதுதான் சரி.

---

மலைரோடு:

ஃபோர்மேன் அண்ணே சொன்னது நூற்றுக்கு நூறு. நான் மேட்டுப்பாளையம் மண்டியிலிருந்து ஊட்டிக்கு ஏற்றிப் போகிறேன், வரும்போது கேரட், உருளைக்கிழங்கு ஏற்றி இறங்குகிறேன். என் வண்டியை இரண்டு, இரண்டேகால் லட்சம் கி.மீ.யிலேயே கொடுத்துவிடுவேன். மேலே போகும்போது டர்போ பழுக்கிறது, கீழே வரும்போது இரண்டாம் கியரிலேயே பிடித்துக்கொண்டு வர வேண்டும். கிளட்ச் பிளேட், பிரேக் லைனிங், கியர்பாக்ஸ் எல்லாம் ஒரே வருடத்தில் வரிசையாக வரும். அதோடு மலையில் பிரேக் விஷயத்தில் பழைய வண்டியை நம்பி விளையாட முடியாது. சமவெளி ஆளாக இருந்தால் நானும் 4 லட்சம் பார்த்திருப்பேன்.

---

பேரேடு:

தம்பி, நான் ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்க்கிறேன். எங்கள் வீட்டிலும் இரண்டு லைன் வண்டி ஓடுகிறது, கணக்கு என் கையில்தான். உங்கள் மச்சான் சொல்கிற கணக்கை எல்லா டிரான்ஸ்போர்ட் வீட்டிலும் கேட்கலாம். வண்டி மதிப்பையும் ரிப்பேர் செலவையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. அந்த இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. அடுத்த இரண்டு வருடம் உங்களுக்கு 1 லட்சம் கி.மீ. ஓட ஒரு வண்டி வேண்டும். அதைப் பழைய வண்டியில் ஓட்டினால் என்ன ஆகும், புதிதில் ஓட்டினால் என்ன ஆகும், அவ்வளவுதான் கேள்வி. இரண்டுக்கும் பொதுவான செலவை விட்டுவிடுங்கள். டயர், டோல் எல்லாம் எதில் போனாலும் உண்டு.

பழைய வண்டி: இப்போது 1.15 லட்சம் ரிப்பேர். அது போக வருடத்துக்கு 65,000 வைத்துக்கொள்வோம், இரண்டு வருடத்தில் 1.3 லட்சம். இன்று 3.5 லட்சம் போகிற வண்டி இரண்டு வருடம் கழித்து 2.5 போகும் என்றால் அதில் ஒரு லட்சம் இழப்பு. இன்ஜெக்டர் வேலை பார்த்ததும் மைலேஜ் 13 வந்தாலும், 14 கொடுக்கும் புது வண்டியோடு பார்த்தால் வருடத்துக்கு 275 லிட்டர் அதிகம் குடிக்கும். லிட்டர் 92 ரூபாய் வீதம் இரண்டு வருடத்துக்குச் சுமார் 50,000. மொத்தம் 3.95 லட்சம். கி.மீ.க்கு நாலு ரூபாய்க்குக் கொஞ்சம் கீழே.

புது வண்டி: 10.5 லட்சத்துக்கு எடுத்த வண்டி 1 லட்சம் கி.மீ. ஓடி, இரண்டு வருடம் கழித்து 7 லட்சம் போனால் பெரிது. இழப்பு 3.5 லட்சம். பழையதைக் கொடுத்தது போக 7 லட்சம் கடன், பத்தரை சதவீதம், 48 மாதம் என்றால் டியூ 17,900 வரும். முதல் இரண்டு வருடத்தில் வட்டி மட்டும் 1.17 லட்சம். சர்வீஸ் 50,000. முழு இன்சூரன்ஸ் போட்டே ஆக வேண்டும், அதில் கூடுதலாக 30,000. மொத்தம் 5.47 லட்சம். கி.மீ.க்கு ஐந்தரை ரூபாய்.

வித்தியாசம் இரண்டு வருடத்துக்கு 1.52 லட்சம். அதாவது வருடத்துக்கு 76,000. டீசல், டோல், சாப்பாடு போக நடைக்கு உங்கள் கையில் 4,000 நிற்கிறது என்று வைத்தால், பழைய வண்டி வருடத்துக்கு 19 நடை படுத்துக்கொண்டால்தான் புது வண்டியோடு சமமாகும். உங்கள் வண்டி போன வருடம் எத்தனை நடை நின்றது? அந்த எண்ணை நீங்கள் எழுதவே இல்லையே, அதுதான் முக்கியம்.

வரிக்காக வண்டி மாற்றலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். உங்களைப் போன்றவர்கள் பெரும்பாலும் 44ஏ.இ. பிரிவு எனப்பட்ட உத்தேச வருமான முறையில் கணக்குக் காட்டுகிறார்கள், சின்ன வண்டிக்கு மாதம் 7,500 வருமானம் என்று. அதிலேயே தேய்மானம், வட்டி எல்லாம் கழிந்ததாகத்தான் அர்த்தம். புதிது எடுத்தாலும் பழையது ஓட்டினாலும் வரி ஒன்றுதான். முறையாகப் பேரேடு எழுதுகிறவர்களுக்கு வாடகை வண்டியில் 30 சதவீதத் தேய்மானம் உண்டு, அவர்களுக்குக் கணக்கு மாறும்.

---

ஸ்டெப்னி:

அக்கா, ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18-க்கு இறங்கிவிட்டதே, இப்போது எடுத்தால் லாபம்தானே?

---

பேரேடு:

2025 செப்டம்பர் 22-லிருந்து இறங்கியது உண்மைதான். அந்த 10.5 லட்சமே இறங்கிய பிறகு உள்ள விலை. புதிது விலை இறங்கினால் பழையதின் விலையும் சேர்ந்துதான் இறங்கும். அந்த 18 சதவீதத்தை ஜி.எஸ்.டி. பதிவு உள்ளவர்கள் சரக்கு வண்டி என்பதால் உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுக்கலாம். காய்கறி வாடகைக்கு வரியே இல்லை, பதிவும் எடுத்திருக்க மாட்டார். அதனால் தம்பிக்கு அது கிடைக்காது.

---

முட்டைலோடு_நாமக்கல்:

பேரேடு அக்கா கணக்கு சுத்தமாக இருக்கிறதுங்க. ஆனால் நின்ற நடை எல்லாவற்றையும் 4,000 ரூபாய் என்று ஒரே விலை போட்டுவிட்டீர்கள், அங்கேதான் எனக்கு இடிக்கிறது.

ஷெட்டில் நின்றால் ஒரு நடை போயிற்று, 4,000 போயிற்று, சரி. நடுராத்திரி வடக்கஞ்சேரி பக்கம் லோடோடு நின்றால்? முதலில் வேறு வண்டி பிடிக்க வேண்டும், அவன் கேட்பதுதான் வாடகை. ரோட்டோரத்தில் மூட்டையை மாற்ற ஆள் கிடைக்காது. விடிவதற்குள் திருச்சூர் சக்தன் மார்க்கெட்டில் இறங்காத சரக்கு முதல் விலை போகாது, தக்காளியாக இருந்தால் கேட்கவே வேண்டாம். அந்த நஷ்டத்தை வியாபாரி வாடகையில் கழிப்பார். அதையும் தாங்கிக்கொள்ளலாம். அடுத்த வாரம் அவர் வேறு வண்டிக்குப் போன் போட்டுவிடுவார் பாருங்கள், அதை எந்தப் பேரேட்டில் எழுதுவது?

முட்டை லோடில் நாங்கள் இதனால்தான் மூன்று லட்சம் தாண்டினால் வண்டியைத் தூர லைனிலிருந்து எடுத்து உள்ளூருக்கு விட்டுவிடுவோம். பண்ணையிலிருந்து குடோன், குடோனிலிருந்து கடை. அங்கே நின்றால் இன்னொரு வண்டி பத்து நிமிடத்தில் வந்துவிடும். ஒரே வண்டி வைத்திருப்பவருக்கு அந்த வசதி இல்லை, அதையும் சேர்த்துப் பாருங்கள்.

---

பேரேடு:

சரியான பேச்சு. லோடோடு நிற்பதற்குத் தனி விலை போட வேண்டும்தான். அப்படி ஒரு ராத்திரிக்கு 25,000 என்று வைத்தால்கூட, வருடத்துக்கு மூன்று முறை நின்றால்தான் 76,000 ஆகும். மூன்று முறை நிற்கும் வண்டி என்றால் நானும் விற்கத்தான் சொல்வேன். வியாபாரி கைவிட்டுப் போவது பற்றி எனக்குப் பதில் இல்லைங்க, அது அவரவர் மார்க்கெட்டைப் பொறுத்தது.

---

பழைய_ஃபோர்மேன்:

நாமக்கல் தம்பி சொன்ன பயம் நியாயமானது. ஆனால் ரோட்டில் வண்டியை நிறுத்துவது எது என்று யோசித்துப் பாருங்கள். பட்டறைக்குக் கட்டி இழுத்து வரும் வண்டிகளில் பாதிக்கு மேல் எஞ்சின் உடைந்து வந்ததில்லை. ஹோஸ் வெடித்திருக்கும், ஃபேன் பெல்ட் அறுந்திருக்கும், வாட்டர் பம்ப் ஒழுகி எஞ்சின் சூடேறியிருக்கும், ஆல்டர்னேட்டர் போய் பேட்டரி இறங்கியிருக்கும், கிராங்க் சென்சார் செத்திருக்கும், வீல் பேரிங் சிக்கியிருக்கும். அவரவர் ஊரில் சில நூறு, சில ஆயிரத்துக்குக் கிடைக்கிற சாமான்கள்.

எனவே 4 லட்சம் தாண்டிய வண்டியை வைத்துக்கொள்வதாக முடிவு செய்தால், இவை எல்லாவற்றையும் உடையும் முன்னே ஒரே மூச்சில் மாற்றிவிட வேண்டும். எல்லா ரப்பர் ஹோஸ், பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், முன் வீல் பேரிங், கிளட்ச் கீழ் சிலிண்டர். கழற்றிய பெல்ட் இன்னும் நன்றாக இருந்தால் தூக்கிப் போடாதீர்கள், சீட்டுக்கு அடியில் கிடக்கட்டும். எனக்குத் தெரிந்து 25,000-க்குள் முடிகிற வேலை. இதைச் செய்த பழைய வண்டி, இதைச் செய்யாத 2 லட்சம் கி.மீ. வண்டியை விடக் குறைவாகத்தான் ரோட்டில் நிற்கும்.

---

முட்டைலோடு_நாமக்கல்:

இது ஒத்துக்கொள்கிற பேச்சுங்க. ஆனால் கியர்பாக்ஸும், பின் ஆக்சில் ஹவுசிங்கும்? அதற்குள் இருக்கும் கிரௌன் பினியன் பல்சக்கரம் சத்தம் போட ஆரம்பித்தால் எந்த பெல்ட்டை மாற்றியும் பிரயோஜனம் இல்லை.

---

பழைய_ஃபோர்மேன்:

சத்தம் போட்டால் சரி, அது முன்கூட்டியே சொல்லிவிட்டு வருகிற நோய். ஹவுசிங் ஆயிலை வடித்துப் பாருங்கள். அடியில் உள்ள காந்த நட்டில் மாவு மாதிரி ஒட்டியிருந்தால் பயமில்லை. நகம் போலச் சில்லு வந்தால் அன்றைக்கே விற்கிற வேலையைப் பாருங்கள்.

---

கைமாற்று:

நான் பழைய வண்டி வாங்கி விற்கிறவன். புரோக்கர் என்றாலே திருடன் என்று நினைப்பவர்கள் இதைத் தாண்டிப் போகலாம்.

வாங்குகிற பக்கத்திலிருந்து சொல்கிறேன். ரிப்பேர் செய்து விற்றால் அந்தக் காசு திரும்பி வராது. 1.15 லட்சம் செலவழித்த பில்லைக் கையில் வைத்துக்கொண்டு நீங்கள் வந்தாலும் நான் 30,000 சேர்த்துக் கொடுத்தால் அதிகம். எனவே விற்பதாக இருந்தால் இன்ஜெக்டரைத் தொடாமல் அப்படியே விற்றுவிடுங்கள். ஓட்டுவதாக இருந்தால் மட்டும் வேலை பாருங்கள். வேலையும் பார்த்துவிட்டு ஆறு மாதத்தில் விற்பதுதான் நஷ்டத்திலேயே பெரிய நஷ்டம், வாரத்துக்கு ஒருவராவது அப்படி வருகிறார்கள்.

எஃப்.சி. விஷயம் நேர் எதிர். எஃப்.சி. முடிந்த வண்டிக்கு வாங்குகிறவன் கண்டபடி கழிப்பான். பெயிண்ட், டிங்கரிங், ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் என்று அவன் மனதில் ஒரு தொகை போட்டுவிடுவான். காட்டிவிட்டு விற்றால் செலவழித்ததை விடக் கொஞ்சம் கூடவே கிடைக்கும். ஒன்று கவனியுங்கள். 8 வருடம் வரைக்கும்தான் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை எஃப்.சி. அதற்கு மேல் வருடா வருடம். உங்கள் வண்டி அந்தக் கோட்டில் நிற்கிறது. வயது கணக்கு எப்போது முடிகிறது என்று ஆர்.சி.யைப் பாருங்கள். 8 முடிவதற்குள் காட்டினால் இரண்டு வருடம் கிடைக்க வழியுண்டு, தாண்டினால் ஒரு வருடம்தான்.

ரீடிங் பற்றி யாரும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். 4,12,000 என்பதை மாற்றாமல் விற்றால்தான் விலை வரும். 2018 மாடல் லைன் வண்டி 1,80,000 காட்டினால் எவனும் நம்ப மாட்டான். பெடல் ரப்பரும் ஸ்டீயரிங்கும் உண்மையைச் சொல்லிவிடும்.

நேரமும் பாருங்கள். ஆடியில் புது வண்டி யாரும் எடுப்பதில்லை, ஷோரூமில் பேரம் படியும், ஆனால் உங்கள் பழையதை வாங்கவும் ஆள் இருக்காது. ஆயுத பூஜைக்கு முன்னாலும் தை பிறந்த பிறகும்தான் சந்தை சூடு. டிசம்பரில் புதிது எடுத்தால் தள்ளுபடி கிடைக்கும், ஆனால் ஒரே மாதத்தில் போன வருட மாடல் ஆகிவிடும். பத்து வருடம் ஓட்டுகிறவனுக்கு அது பொருட்டில்லை, மூன்று வருடத்தில் மாற்றுகிறவனுக்கு அடி.

---

ஸ்டெப்னி:

ஸ்கிராப்புக்குக் கொடுத்தால் புது வண்டி வரியில் தள்ளுபடி என்றார்களே?

---

கைமாற்று:

சரக்கு வண்டிக்கு வரியில் 15 சதவீதம் வரை. அதுவும் பழையதை எடை போட்டுக் கொடுத்துச் சான்றிதழ் வாங்கினால். மூன்றரை லட்சம் போகிற ஓடும் வண்டியைப் பழைய இரும்புக்கா போடுவீர்கள்?

---

புதுவண்டி_உடுமலை:

நான் பி.எஸ்.6 பிக்கப் வைத்திருக்கிறேன், ஒரு வார்த்தை. பி.எஸ்.4 ஓட்டிப் பழகியவர்கள் புதிது எடுத்தால் அதே மாதிரி ஓட்ட முடியாது. சைலன்சரில் டி.பி.எஃப். என்ற கரி வடிகட்டி இருக்கிறது. அது நிரம்பினால் வண்டியே டீசலை எரித்துச் சூடேற்றிச் சுத்தம் செய்துகொள்ளும். அதற்குக் கொஞ்ச நேரம் நிற்காமல் வேகமாக ஓட வேண்டும். ஊருக்குள்ளேயே சுற்றுகிறவர்களுக்கு விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். காய்வண்டி அண்ணன் போல ஹைவே ஓட்டத்துக்குத் தொந்தரவு இருக்காது. ஆயிலும் கம்பெனி சொன்ன குறைந்த சாம்பல் வகைதான் ஊற்ற வேண்டும், மூலைக் கடை ஆயில் வேண்டாம். ரோட்டோர மெக்கானிக்கிடம் ஸ்கேனர் இல்லையென்றால் கை வைக்கவே விடாதீர்கள்.

மற்றபடி ராத்திரி ஓட்டத்துக்கு ஏசி கேபின் ஒரு வரம். பேரேடு அக்கா அதற்கு ஒரு விலை போடட்டும்.

---

பேரேடு:

வருடத்துக்கு 76,000 என்று மேலேயே போட்டுவிட்டேனே. அந்தக் காசு கொடுத்து நிம்மதியாகத் தூங்கிக்கொண்டு போகலாம் என்றால் தாராளமாக எடுக்கட்டும். ஓட்டும்போது தூங்காமல் இருந்தால் சரி.

---

காய்வண்டி_ஒட்டன்சத்திரம்:

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. திண்டுக்கல்லில் ஒரு பம்ப் சர்வீஸ் கடையில் பார்த்துவிட்டு வந்தேன்.

ரிட்டர்ன் டெஸ்டில் இரண்டாம் நம்பர் இன்ஜெக்டர் மட்டும் மோசம். மூன்றாவது எல்லையில் நிற்கிறது. மற்ற இரண்டும் நன்றாக இருக்கின்றன. கம்ப்ரஷன் நாலும் கிட்டத்தட்ட ஒரே அளவு. டர்போவில் லேசான ஆட்டம் மட்டும். ஹவுசிங் நட்டில் மாவுதான், சில்லு இல்லை. சேசிஸில் மேல்துரு நிறைய, பிராக்கெட் பக்கம் விரிசல் இல்லை. ஆனால் தொட்டித் தரைத் தகடு ஃபோர்மேன் அண்ணன் சொன்ன மாதிரியே கரைந்துபோயிருக்கிறது, ஒரு மூலையில் விரலே உள்ளே போகிறது.

இரண்டு இன்ஜெக்டர், கிளட்ச் செட், முன்பக்கப் புஷ், தொட்டித் தகடு எல்லாம் சேர்த்து 72,000 சொல்கிறார்கள். பெல்ட், ஹோஸ் கணக்கு தனியாக 22,000.

அக்கா கேட்டதற்குப் பதில்: போன வருடம் லோடோடு நின்றது ஒரே ஒரு முறை, அதுவும் ரேடியேட்டர் ஹோஸ். ஷெட்டில் நின்றது அவ்வப்போது உண்டு, எல்லாம் சேர்த்தாலும் 19-க்குப் பக்கத்தில் வராது.

அதனால் இப்போதைக்கு வேலை பார்த்து, 8 முடிவதற்குள் எஃப்.சி. காட்டி, ஓட்டுவது என்று முடிவு. மச்சானுக்காக, இந்த வேலை முடிந்த பிறகு என்று ஒரு கோடு போட்டிருக்கிறேன். எஞ்சின், கியர்பாக்ஸ், ஹவுசிங் இந்த மூன்றில் ஒன்றால் லோடோடு ஒரு முறை நின்றாலும், அல்லது ஒரே தடவையில் 60,000-க்கு மேல் யாராவது செலவு சொன்னாலும், வேலை பார்க்காமல் அப்படியே கைமாற்று அண்ணனிடம் ஓட்டிக்கொண்டு வந்துவிடுவேன். அதுவரை மாதம் 10,000 தனியாகப் போட்டு வைக்கப் போகிறேன், அடுத்த வண்டிக்குக் கடன் குறையும். நண்பர் ஒருவர் ஏலச்சீட்டில் போடச் சொல்கிறார்.

---

பேரேடு:

சீட்டு வேண்டாம் தம்பி. போஸ்ட் ஆபீஸ் ஆர்.டி. (மாதா மாதம் போடும் சேமிப்பு) போதும். வண்டி நிற்கிற மாதத்தில் சீட்டுக்காரர் காத்திருக்க மாட்டார்.

---

மலைரோடு:

தகடு போடும்போது அடியில் தண்ணீர் வடிய நாலு மூலையிலும் ஓட்டை வைத்து, சின்னக் குழாய் இறக்கிச் சேசிஸுக்கு வெளியே விடச் சொல்லுங்கள். என் வண்டியில் அப்படித்தான் செய்திருக்கிறேன், கேரட் கழுவி ஏற்றுகிற லோடு என்பதால்.

---

முட்டைலோடு_நாமக்கல்:

நல்ல முடிவுங்க. இன்னொன்று, அவசரத்துக்கு உங்கள் ரூட்டிலேயே ஓடுகிற இரண்டு பேரோடு பேசி வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வண்டி நின்றால் அவர் ஏற்றுவார், அவர் வண்டி நின்றால் நீங்கள். வியாபாரிக்குச் சரக்கு வந்து சேர்ந்தால் போதும், எந்த வண்டியில் வந்தது என்று பார்க்க மாட்டார்.

---

கைமாற்று:

வாங்க, காத்திருக்கிறேன். அதுவரை ஒரு வேலை செய்யுங்கள். டியூ முடிந்துவிட்டது என்றீர்களே, ஆர்.சி.யில் ஃபைனான்ஸ் பெயரை நீக்கிவிட்டீர்களா? ஃபைனான்ஸில் கடன் பாக்கி இல்லை என்ற என்.ஓ.சி.யும் ஃபார்ம் 35-ம் வாங்கி ஆர்.டி.ஓ. ஆபீஸில் கொடுத்திருக்க வேண்டும். பாதிப் பேர் கடைசித் தவணை கட்டியதோடு மறந்துவிடுகிறார்கள், அந்த என்.ஓ.சி. மூன்று மாதத்தில் காலாவதியும் ஆகிவிடும். விற்கும் நாளில் அதற்கு அலைய முடியாது.

விற்றபிறகு ஃபார்ம் 29, 30 கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததோடு விட்டுவிடாதீர்கள், என்னிடம் விற்றாலும் சரி. பெயர் மாறிவிட்டதா என்று ஆன்லைனில் பாருங்கள். ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ விபத்து நடந்தால் அவரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-லேயே சொல்லிவிட்டது. இன்சூரன்ஸில் நோ கிளெய்ம் போனஸ் சேர்ந்திருந்தால் அதற்கும் ஒரு கடிதம் வாங்குங்கள், மூன்று வருடத்துக்குள் புது வண்டிக்கு அது செல்லும்.

---

காய்வண்டி_ஒட்டன்சத்திரம்:

ஆர்.சி.யை எடுத்துப் பார்த்தேன் அண்ணே. ஃபைனான்ஸ் பெயர் அப்படியேதான் இருக்கிறது. நாளைக்கு லோடு இல்லை, பிராஞ்சுக்குப் போய் என்.ஓ.சி. கேட்கிறேன்.